ஏழாவது சேனல்

ஏழாவது சேனலில் எதுவுமே இணைக்கப்படவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் திரையில் அதற்கான மீட்டர் முள் அசைந்துகொண்டிருந்தது.

பெரியவள் குனிந்து மேசைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். சோதனைக்கு வைத்திருந்த தண்ணீர் பம்பிலிருந்து வந்த ஆறு வயர்களும் ஒன்று முதல் ஆறு வரை ஒழுங்காக முறுக்கப்பட்டிருந்தன. ஏழும் எட்டும் வெறும் ஓட்டைகள். பட்டறையில் ஓடும் பம்புகளின் ரீங்காரம் சுவர் வழியாக வந்து மேசையில் லேசான நடுக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது, சூடேறிய தூசியும் கிரீஸும் கலந்த வாசனை ஏசிக் காற்றோடு மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது, ஜன்னல் இல்லாத அந்த அறையில் குழல்விளக்கின் வெளிச்சம் மத்தியானமா சாயங்காலமா என்று தெரியாதபடி எல்லாவற்றின் மேலும் படிந்து கிடந்தது. எல்லாம் எப்போதும்போலத்தான். அந்த முள் மட்டும் எழுபத்து நாலில் நின்று, துளி ஏறி, துளி இறங்கி, மறுபடி எழுபத்து நாலுக்கு வந்தது.

சின்னவளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். அதனாலேயே கேட்கவில்லை.

சின்னவள் வேறு யாருமில்லை, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே சோதனை அறை, அடுத்தடுத்த நாற்காலி. சிபாரிசு பண்ணிக் கூட்டிவந்ததே பெரியவள்தான். அந்த நாளை நினைத்தால் தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். பதினோரு வருஷம் மீட்டருக்கு முன்னால் நின்று, முள்ளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதியவள் இவள். பம்பின் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லுவாள். ஆறு மாதத்துக்கு முன் கம்பெனி மீட்டர்களைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு கம்ப்யூட்டரை வைத்தது. இனி மீட்டர் திரையில்தான், அதை நீங்களே செய்துகொள்ள வேண்டும், ஒன்றும் கஷ்டமில்லை, படம் வரைகிற மாதிரிதான் என்றார்கள். முன்பலகையில் மீட்டரும் குமிழும். அதற்குப் பின்னால் இன்னொரு பக்கம், அதில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்து இணைக்கிற வயர்கள்.

படம் வரைகிற மாதிரியாம்! பெரியவள் இழுத்த வயர்கள் எண்ணெய் காணாத தலைமுடியாகச் சிக்கிக்கொண்டு கிடந்தன. சின்னவளுடையது வகிடெடுத்துப் பின்னிய சடை. பார்க்கும்போதே வயிறு எரிந்தது. வீட்டிலும் இதே கதைதான். மாமியார் வாயைத் திறந்தால் சின்னவள் சாமர்த்தியம், சின்னவள் சுறுசுறுப்பு. பெரியவளைப் பற்றிப் பேச அந்த வாய்க்கு ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேலாளர் இரண்டு பேர் வேலையையும் பார்க்கப்போகிறார். எவளுடையது நன்றாக இருக்கிறதோ அவள் சோதனை அறைக்குப் பொறுப்பு. மற்றவள் பேக்கிங்குக்குப் போய் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டியதுதான். இன்று புதன்.

"என்னக்கா அப்படி முறைக்கிறீங்க? ஸ்க்ரீன் ஓட்டையாயிடப் போகுது" என்று சின்னவள் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையைப் பாரு."

சும்மா விட்ட சேனல் சும்மா இருக்காது, பக்கத்துச் சேனலைப் பார்த்துக் காப்பியடிக்கும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஆனால் ஆறாவது சேனல் பம்பின் சூடு. அது ஐம்பத்தெட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது. பெரியவள் ஒரு துண்டு வயரை எடுத்து ஏழின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாள். இப்படிச் செய்தால் பூஜ்யம் காட்டியே ஆக வேண்டும். எழுபத்து நாலு காட்டியது.

சின்னவள் டீ வாங்கக் கீழே போனாள். முள் மெல்ல ஏறத் தொடங்கியது. எண்பது. தொண்ணூறு. கதவுக்கு வெளியே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது நூறைத் தாண்டியிருந்தது.

"ஐயோ அக்கா, இந்தப் படிக்கே வாட்சுல நூத்திப் பன்னெண்டு காட்டுது பாருங்க" என்று மணிக்கட்டை நீட்டினாள் சின்னவள். நாடித்துடிப்புக் காட்டுகிற கடிகாரம், கொழுந்தன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது.

திரையிலும் நூற்றுப் பன்னிரண்டு.

பெரியவள் டீயை வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் மேசையில் வைத்தாள். சின்னவளின் மூச்சு நிதானமாக ஆக, முள் ஒவ்வொன்றாக இறங்கி எழுபத்து நாலுக்கு வந்து உட்கார்ந்தது.

வியாழக்கிழமை அந்தத் தப்பு நடந்தது. மீட்டர் காட்ட மட்டும் செய்யும், குமிழைத்தான் திருப்ப முடியும். பழகுகிறவர்கள் அவசரத்தில் மவுஸை மாற்றி அழுத்தி, மீட்டரைக் குமிழாக ஆக்கிவிடுவார்கள். உடனே வயர் புள்ளி புள்ளியாக அறுந்துபோகும், ஓட்டுவதற்கான அம்புக்குறி இரண்டாக உடையும், சரி செய்யாமல் எதுவும் ஓடாது. பெரியவள் இதை நாற்பது தடவையாவது செய்திருப்பாள், நாற்பது தடவையும் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று ஏழாவது மீட்டரில் கை தவறியது.

மீட்டர் குமிழாக மாறியது. வயர் அறுந்திருக்க வேண்டும். அறுந்துபோகவில்லை. அம்புக்குறி உடைந்திருக்க வேண்டும். முழுசாக இருந்தது.

பெரியவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். சின்னவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, விரல் நகத்தால் மேசையில் தாளம் போட்டபடி வயர்களை இழுத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் குமிழைப் பிடித்து லேசாகத் திருப்பினாள். அறுபத்தாறு.

தாளம் நின்றது.

"அக்கா, ஏசியைக் கொஞ்சம் குறைங்களேன். கையெல்லாம் விறைச்சுப்போச்சு." சின்னவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "என்னமோ தெரியல, எதை எங்க இணைக்கணும்னே மறந்துபோச்சு."

பயமாக இருந்தது. அதற்கும் மேல் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் தடுமாறுவதைப் பார்க்கிறாள். திரும்ப எழுபத்து நாலுக்குத் திருப்பியதும் சின்னவள் முகத்தில் ரத்தம் வந்தது, நகம் மறுபடி தாளம் போட்டது. அன்றைக்குப் பெரியவள் கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓடவிட்டே வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கே மேலாளர் வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகச் சின்னவள் திரையைப் பார்த்து, "அடேயப்பா, கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றார். இன்னும் காட்டவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள்ளா? பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் முன்பலகையின் மூலையில் நகம் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்த குமிழைத் தொட்டாள்.

அறுபது. ஐம்பது. நாற்பது.

மேலாளருக்கு விளக்கிக்கொண்டிருந்த சின்னவள் நடுவில் ஒரு வார்த்தை கிடைக்காமல் தேடினாள். உதடு வெளுத்தது. மேசையைப் பிடித்தாள், பிடி நழுவியது, நாற்காலியில் தொப்பென்று சரிந்தாள். தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குப் போனால் போதும் என்றாள். கம்பெனி வண்டியில் ஏற்றும்போது பெரியவள் கையைப் பிடித்து, "நீங்க நல்லா பண்ணுங்கக்கா" என்றாள். கை ஐஸாக இருந்தது.

பெரியவள் பண்ணினாள். ஆறு மீட்டரும் சரியாக ஓடின. மேலாளர் தலையாட்டிக்கொண்டே வந்தவர், மூலையில் விரல் வைத்தார்.

"இது என்னம்மா?"

"சும்மா சார். பழகறதுக்குப் போட்டது."

"சரி, எல்லாத்தையும் நிறுத்தி, மூடித் திறங்க. புதுசா ஆரம்பிச்சாலும் ஓடுதான்னு பாக்கணும்."

மூடித் திறந்தால் குமிழ் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். பழகிய முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம். பூஜ்யத்தில் நிற்கும். ஒரு நிமிஷம் பொறுங்கள் சார் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பார். என்ன பதில் சொல்வது?

தெரிந்தே அழுத்தினாள். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தாள்.

மேலாளர் மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மீட்டராகப் பார்த்தார். கேள்வி கேட்டார். தன் காலத்தில் எல்லாம் எப்படி இருந்தது என்று கதை சொன்னார். பெரியவள் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூஜ்யம். அவர் சிரித்தார், இவளும் சிரித்தாள். பூஜ்யம். இருபது நிமிஷம். கடைசியில் அவர் எழுந்து, "திங்கட்கிழமையிலேர்ந்து நீங்கதான் இங்க பொறுப்பு" என்றார்.

கதவு மூடியதும் பாய்ந்து குமிழைப் பிடித்தாள். எழுபத்து நாலு. கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி... அவ போயிட்டா அண்ணி. டாக்டர் வந்து பாத்துட்டாரு. கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்றாரு..." அதற்கு மேல் அழுகை. அழுகைக்குப் பின்னால் மாமியாரின் அலறல். ஏதோ உருண்டு விழுகிற சத்தம். பிறகு கொழுந்தனின் குரல், அடையாளமே தெரியாத குரல்: "அண்ணி! துடிக்குது! நெஞ்சு துடிக்குது அண்ணி!"

பெரியவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. படுக்கையறை ஜன்னல் வழியாகப் பளீரென்று வெளிச்சம். சின்னவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நாடி எழுபத்து நாலு. நல்லாத்தான் இருக்கு. உடம்புதான் இன்னும் சூடாகல" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபடி வெளியே போனார்.

பெரியவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கல். கல்லுக்குள் துடிப்பு. முன்பு துளி ஏறும், துளி இறங்கும். இப்போது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

சின்னவளின் மகள், மூன்று வயது, கட்டிலில் ஏறித் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கதறினாள். துடிப்பு மாறவில்லை. குழந்தை கன்னத்தோடு கன்னம் வைத்தது. மாறவில்லை. பிறகு குழந்தையே கையை எடுத்துக்கொண்டு இறங்கி, அறையின் அந்த மூலைக்குப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றது.

ஓர் ஈ பறந்து வந்து சின்னவளின் திறந்த கண்ணில் உட்கார்ந்தது. விழியின் மேலேயே நடந்தது. இமை அசையவில்லை. அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

"பெரியவளே, நீ வந்து கையைப் புடிச்ச பிறகுதான்டி அவ முகத்துல களையே வருது" என்றார் மாமியார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

பெரியவள் மணிக்கட்டை விட்டாள். எழுந்து போய்விட வேண்டும். எழ முயன்றாள்.

சின்னவளின் வலது கை அசைந்தது.

கை மட்டும். ஆள்காட்டி விரல் தன் நெஞ்சைத் தொட்டது. திரையில் வயர் இழுப்பதுபோல, நகம் அங்கிருந்து கீழே கோடு இழுத்தது. போர்வையின் மேல் நேராக வந்தது. கட்டில் ஓரத்தில் அழகாகத் திரும்பியது. துளி கோணல் இல்லை. பெரியவளின் முழங்காலில் ஏறியது. மடி. வயிறு. புடவைத் துணியில் நகம் உரசும் சத்தம், பொறுமையாக, நேராக. மேலே. இடது பக்கம்.

நின்றது. ஒருமுறை தட்டியது.

தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்த பெரியவளின் நெஞ்சு சட்டென்று நிதானமாகி, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் எழுபத்து நாலில் வந்து நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. மாமியார் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஈ அந்தக் கண்ணிலிருந்து எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இவள் கண்ணில் வந்து உட்கார்ந்தது. இவளுக்கும் இமைக்கத் தோன்றவில்லை.