இரண்டாம் மதிப்பீட்டாளர்

அறிக்கையின் அடியில் இருந்த தேதி 3-12-2015. அஜீசா அதை மூன்று முறை படித்தாள். முடிச்சூரில் அன்றைக்கு யாரும் உட்கார்ந்து எதையும் எழுதியிருக்க முடியாது; அன்றைக்குத் தெருவில் படகு ஓடிக்கொண்டிருந்தது. அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே தரைத்தள அறையில் தண்ணீர் மின்விசிறியைத் தொட்டதற்குச் சுவரின் பழுப்புக் கோடு சாட்சி. ஆனாலும் திருநீர்மலைக் கோயிலுக்கு மன்னர்கள் எழுதிவைத்த நிவந்தங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை அன்றைக்கு ஒருவர் நிதானமாகப் படித்து, ‘ஆதாரம் போதாது. ஏற்பதற்கில்லை’ என்று பச்சை மையில் எழுதி வைத்திருந்தார். தாள் வெள்ளத்தில் ஊறி அப்பளமாய்ப் பொரிந்திருந்தது. கட்டுரையின் நீல மை கரைந்து மேகமாகியிருந்தது. பச்சை மை மட்டும் நேற்று எழுதியதுபோல் இருந்தது.

தென்தொண்டை வரலாற்றுக் காலாண்டிதழுக்கு இது பொன்விழா ஆண்டு. காலாண்டிதழ் என்று பேரே தவிர, ஐம்பது வருடத்தில் வந்தவை எழுபத்தொரு இதழ்கள். வாசகர்களின் எண்ணிக்கை அதையும் விடக் குறைவு என்பது பொறாமைக்காரர்கள் பேச்சு. ஆசிரியர் சிட்டிபாபு ஓய்வுபெற்ற பேராசிரியர். அவருடைய பட்டங்களை அச்சடித்தே விசிட்டிங் கார்டு நிரம்பிவிட்டதால் தொலைபேசி எண் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. விழாவுக்கு முன்னால் இதழின் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தித் தர, நூலக அறிவியல் படித்த அஜீசாவை இரண்டு மாதத்துக்கு வைத்திருந்தார்.

சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. அவள் வந்ததற்குக் காரணம் வேறு. அவளுடைய வாப்பா அத்தாவுல்லா, தாம்பரத்தில் பள்ளிக்கூட வரலாற்று வாத்தியார். முடிச்சூர் ஏரியின் பழைய மதகுகளைப் பற்றி ஏழு வருடம் அலைந்து ஒரே ஒரு கட்டுரை எழுதினார். நகல் எடுக்கவில்லை. 1994இல் இந்த இதழுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது ஒரு அஞ்சலட்டை மட்டும்: ஏற்பதற்கில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் எழுதவில்லை. தண்ணீர் தன் பழைய வழியை மறக்காது, இங்கே வீடு கட்டினால் தேடிக்கொண்டு வரும் என்பதுதான் கட்டுரையின் சாரம். இருபத்தொரு வருடம் கழித்து எட்டடி உயர அடிக்குறிப்பாகத் தண்ணீரே வந்து சொன்ன பிறகும், இதழ் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வாப்பா போய் மூன்று வருடம். பொன்விழா மலரில் அந்தக் கட்டுரை அவர் பெயரோடு வரவேண்டும். அஜீசாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதழுக்கு வரும் கட்டுரையை இரண்டு பேர் மதிப்பிட வேண்டும். முதல் மதிப்பீட்டாளர் யாரென்று எல்லோருக்கும் தெரியும், சிட்டிபாபுதான். இரண்டாமவர் யார் என்று வந்த முதல் வாரத்திலேயே அவள் கேட்டாள்.

“எனக்கே தெரியாதும்மா” என்றார் பெருமையாக. “தெரிஞ்சுட்டா அப்புறம் ரகசிய மதிப்பீடுன்னு எப்படிச் சொல்றது? அதுதான் நம்ம தரம்.”

நடைமுறை இதுதான். மூலையில் நிற்கும் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் கட்டுரையை வைத்துப் பூட்டிவிடுவார்கள். சில நாளில் திறந்தால் அறிக்கை இருக்கும். ஸ்தாபகர் ஏற்படுத்திய வழக்கம். சாவி சிட்டிபாபுவிடம் மட்டுமே. வேறு யாரோ வந்து எடுத்துப்போகிறார்கள் என்று ஒவ்வொரு ஆசிரியரும் நினைத்திருக்கிறார்கள். கேட்டால் தரம் குறைந்துவிடும் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. எழுதியவர் பெயரோடு உள்ளே போகும் கட்டுரை, பெயரில்லாமல் வெளியே வரும். பெயரை அடித்திருந்த விதத்தை அஜீசா பார்த்திருக்கிறாள். பச்சைக் கோடு தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கும்.

பெருக்க வரும் தனக்கோடி மட்டும் அந்த மூலைக்குத் துடைப்பத்தைக் கொண்டுபோவதில்லை.

“இன்னா கண்ணு, அதுகிட்டயே குந்திகினு கீறே? வெள்ளத்துல எங்கூட்டு ஃபிரிட்ஜே மெதந்துகினு ரோட்டுக்குப் போச்சு. இது மட்டும் நவுரல. தண்ணி வடிஞ்சு தொறந்தா, உள்ள காயிதம்லாம் அடுக்கி வெச்சாப்புல கீது. யாரு அடுக்குனா?”

அன்றைக்கு மூன்று மணிக்கே வானம் கறுத்தது. கார்த்திகை மழை ஜன்னல் தகரத்தில் இறங்கியது, கரண்ட் போனது. மாடியில் சிட்டிபாபு விழா உரையை ஒத்திகை பார்க்கும் குரல், படிக்கட்டு வழியாகக் கனத்துக் கனத்து இறங்கியது. சாவியை அவள் காலையிலேயே கேட்டு வாங்கியிருந்தாள். செல்போன் வெளிச்சத்தில் கீழ்த்தட்டின் கடைசிக் கட்டைப் பிரித்தபோது, வால் நீண்ட அந்த ழகரத்தைப் பார்த்துவிட்டாள்.

வாப்பாவின் கையெழுத்து. நாற்பது பக்கம். தண்ணீர் அதை விட்டுவைத்திருந்தது, பச்சை மை விட்டுவைக்கவில்லை. தலைப்புக்குக் கீழே பெயர் இருந்த இடத்தில் ஒரு கிழிசல்.

அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்த பித்தளைக் கேடயத்தில் எல்லா எழுத்தும் நின்றது, அவர் பெயர் மட்டும் ஒரே மாதத்தில் வழுவழுவென்று ஆனது. பழைய மாணவர்கள் தெருவில் கும்பிட்டு, “ஹிஸ்டரி சார்தானே, பேருதான் வாயில வரமாட்டேங்குது” என்பார்கள். கபரஸ்தானில் வைத்த மீசான் கல்லில் பெயரை இரண்டு முறை செதுக்கியாயிற்று. இரண்டு முறையும் ஒரே மழைக்காலத்தில் கல் மொட்டையாகிவிட்டது. பக்கத்துக் கல்லெல்லாம் அப்படியே இருந்தது. கல் வேலைக்காரனோடு சண்டை போட்டாள். பாவம் அவன்.

மாடிக்கு ஓடிப்போய் சிட்டிபாபுவிடம் காட்டினாள். இதை மலரில் போட வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். போடலாம், தாராளமாகப் போடலாம், ஆனால் இரண்டாம் மதிப்பீடு இல்லாமல் இந்த இதழில் ஒரு காற்புள்ளிகூட வந்ததில்லை என்றார். மறுபடி வைத்துப் பார்க்கச் சொன்னார்.

சரி, வைக்கிறேன் என்றாள். கீழே வந்து, கிழிசலுக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் எழுதினாள்: மு. அத்தாவுல்லா. எந்தக் கோப்பானாலும் மேலே பட்டியல் தாளைக் கிளிப் போடுவது அவள் கைப்பழக்கம், இதற்கும் போட்டாள். உள்ளே வைத்துப் பூட்டினாள்.

அந்தத் தாளின் கடைசி வரி, தொகுத்தவர்: அஜீசா. பூட்டிய பிறகுதான் உறைத்தது.

மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். இரும்புக்குள் நிப்பு கீறும் சத்தம். நிதானமாக, வரி வரியாக, வாத்தியார் விடைத்தாள் திருத்துவதுபோல். கதவிடுக்கில் ஏரிச்சேற்று வாடை வந்தது. சாவி கையில் வழுக்கியது. ஓடலாம். வாசல் பத்தடிதான்.

ஓடவில்லை. திறந்தாள்.

வாப்பாவின் பெயர் மேல் ஈரமாக ஒரு கோடு. பட்டியல் தாளிலும் ஒன்று. தொகுத்தவர், அதற்குப் பிறகு கிழிசல்.

மாடியில் உரை நன்றியுரைக்கு வந்திருந்தது. அமைச்சர், வள்ளல், அச்சகத்தார் எல்லோர் பெயரும் மணி மணியாய் வந்தது. “இந்தப் பதிவுகளையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடுத்த... கொடுத்த...” குரல் நின்றது. தொண்டையைச் செருமியது. “கொடுத்த அந்தப் பொண்ணு...”

அவள் வாயைத் திறந்தாள். மேலே பார்த்துத் தன் பெயரைக் கத்திச் சொல்லலாம் என்று.

வரவில்லை.

மறுபடி தேடினாள். ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தாள். படம் இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் வெள்ளை.

அட்டையைப் பையில் திணித்தாள். முப்பது வருடம் அந்த மனுஷனை வாய் திறக்கவிடாமல் பண்ணியது இதுதானா. ஒளிந்துகொண்டு உத்தியோகம் பார்க்கும் இதுவா.

“இனிமே கதவு மூடமாட்டேன்” என்றாள் இருட்டைப் பார்த்து. “அடிக்கிறதுன்னா என் கண்ணெதிர்ல அடி.”

தாளைத் தட்டின் விளிம்பில் வைத்தாள். எழுதினாள். மு. அத்தாவுல்லா.

உள்ளிருட்டில் ஏதோ நகர்ந்தது. தண்ணீர் சொட்டியது. கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. பத்து நாள் தண்ணீரில் கிடந்ததுபோல் வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, ரேகை ஒன்றுகூட இல்லாமல். மணிக்கட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விரலிடுக்கில் பேனா.

கோடு போட்டது.

அவள் அதற்குக் கீழே எழுதினாள்.

கோடு.

எழுதினாள். அந்தக் கை அவள் விரலை உரசியது. சில்லென்று இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. மேலே யாரோ, கீழே யாரும்மா என்று கேட்டார்கள். தன் பெயர் தெரியவில்லை. போகட்டும். அவர் பெயர் தெரியும்.

பக்கம் தீர்ந்தது. திருப்பினாள். வெளுத்த கை பொறுமையாகக் காத்திருந்தது.

எழுதினாள்.