அண்ணத்தில் கண்ட கறுப்பு

பொழுது சரியாகப் புலர்வதற்குள் மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு வீட்டில் சண்டை மூண்டுவிட்டது.

"வாயில குத்துற வேல கழுவி மஞ்சத் துணியில வச்சாச்சு. இப்ப வந்து வேணாங்கிறீங்க! என்னா விளையாட்டு லா அண்ணி இது?" என்று தனுஜா வாசலை மறித்து நின்றாள்.

அமராவதி காரின் சாவியை இறுகப் பற்றிக்கொண்டாள். ஏழு மாதங்களுக்கு முன் தன் சிறுநீரகம் ஒன்றைக் கணவன் சுகுமாறனுக்குத் தந்தவள் அவள். பிள்ளை பிழைத்தால் ரப்பர்த் தோட்டத்து முருகன் கோயில் திருவிழாவில் வாயில் வேல் குத்திக்கொள்வான் என்று மாமியார் வேலம்மா அப்போதே நேர்ந்துகொண்டார். அந்த நாள் இன்றுதான். ஆனால், சுகுமாறனின் வலக் கன்னம் இரண்டு நாள்களாக வீங்கியிருந்தது. மூக்கில் கறுப்பாக நீர் கசிந்தது.

"வேண்டுதல் இன்னும் தீரல. அதான் முருகன் மொகத்துலயே காட்டிட்டான்!" என்றார் வேலம்மா.

"அத்தை, தயவு செஞ்சு இத பாருங்களேன்..."

அமராவதி கணவனின் வாயைத் திறக்கச் சொல்லிக் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினாள். மேல் அண்ணத்தில் கட்டைவிரல் அகலத்திற்குக் கறுத்திருந்தது.

"விரதச் சூடு. மோரு குடிச்சா போயிரும்."

"சூடுன்னா செவக்கும் அத்தை... இது கருகிக் கெடக்கு! தொட்டாக்கூட அவருக்குத் தெரியல!"

"ஒரு கிட்னிய குடுத்துட்டு எங்க அண்ணனையே எழுதி வாங்கிட்டீங்களோ?" என்றாள் தனுஜா.

அந்தச் சொல் அமராவதியின் நெஞ்சைச் சுட்டது. சுகுமாறன் தலைகுனிந்தான்.

"அமரா... அம்மா மனசு நோகும். ஆஸ்பத்திரிக்கு சாயந்தரம் போலாமே..."

"இல்லீங்க! சாமி கோவிச்சுக்கிட்டா என்மேல கோவிச்சுக்கட்டும். அந்தப் பாவம் எனக்கே வரட்டும். இன்னிக்கி உங்க வாயில வேல் ஏறாது!"

அவள் தனுஜாவை விலக்கிவிட்டுக் கணவனைக் கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துச் சென்றாள்.

"எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சு... உன்ன சும்மா விடமாட்டேன்டி!" என்ற குரல் பின்னால் துரத்தி வந்தது.

மதியம் வேலம்மாவும் தனுஜாவும் கோபம் தணியாமலே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தனர். மருத்துவர் தமிழ்ப்பெண். அவர் மென்மையாகவே பேசினார்.

"இது பூஞ்சைக் கிருமிம்மா. மாத்து கிட்னிய உடம்பு ஒதுக்காம இருக்க மாத்திரை குடுக்குறோம் இல்லையா, அதுல எதிர்ப்புச் சக்தி கொறைஞ்சிரும். மூக்குக்குப் பக்கத்து எலும்பு அரிச்சிருக்கு. நாளைக்கி வந்திருந்தா கண்ணு, மூளைன்னு ஏறியிருக்கும். அண்ணத்துல பாதிய எடுக்கணும். கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது... அவரு காய்ச்சல்ல நெனவில்லாம இருக்காரு. யாரு கையெழுத்துப் போடுறீங்க?"

தனுஜா சுவரோடு ஒண்டிக்கொண்டாள். பெற்றவள் என்று படிவம் வேலம்மாவிடம்தான் முதலில் நீட்டப்பட்டது. அவர் அதை வாங்கி, மருமகளின் மடியில் வைத்தார்.

"அவளே போடட்டும், டாக்டரு. என் பேச்ச கேட்டிருந்தா... இன்னேரம் எம்புள்ள வாயில வேல்தான் இருந்திருக்கும்..."

அமராவதி கையெழுத்திட்டாள்.

ஐந்து மணி நேரத்திற்குப் பிறகு அறுவைச் சிகிச்சை அறையின் கதவைத் திறந்துகொண்டு வந்த மருத்துவர் நிலைமையைச் சொன்னார். பேச்சுத் திருந்தப் பல மாதங்களாகும். செயற்கை அண்ணமும் பொருத்த வேண்டியிருக்கும். ஆனால், உயிரும் கண்ணும் தப்பிவிட்டன!

அமராவதி அப்போதுதான் அழுதாள். வேலம்மா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவள் உதட்டருகே பிடித்தார்.

"குடிம்மா... காலையிலேருந்து பல்லுல பச்சத் தண்ணி படல. ஒனக்கும் ஒத்த கிட்னிதானே... இத்தன நாளா ஒன்ன யாருடி பாத்தா?"

போத்தல் நழுவி உருண்டது. மாமியாரின் தோளில் முகம் புதைத்தவளை அவர் விடவே இல்லை.