புல் வைக்காத பெட்டி

"இது வீடா, கடையா? கால் வைக்க இடமில்ல!"

ராத்திரியில் ராஜாக்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துப்போவதாகச் சொல்லும் மூன்று ராஜாக்கள் பண்டிகையன்று விடிந்தும் விடியாததுமாக நாத்தனார் எனெய்தாவின் குரல் கூடத்தில் எழுந்தது. மகளுக்கு வாங்கியதையெல்லாம் பரப்பிவிட்டு, மிக்தாலியா அப்போதுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சைக்கிள், பொம்மை வீடு, கிட்டார், சக்கரக் காலணி... இன்னும் பிரிக்காத பைகள் வேறு.

"புள்ளைய விலைக்கு வாங்கப் பாக்குறியாடி? ரெண்டு வருஷம் சோறூட்டித் தலை வாரினவ நான்!"

"நீங்கதான் வளத்தீங்க அண்ணி... நான் எப்ப இல்லேன்னேன்?"

இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. புயல் கூரையைப் பிய்த்துப் போட்டபின், கடல் தாண்டி அமெரிக்காவின் ஒர்லாண்டோ ஹோட்டல்களில் ரெண்டு வருஷம் யார் யாருடைய படுக்கையையோ விரித்துத்தான் புதுக் கூரை போட்டாள். திரும்பி வந்து மாதங்களாகியும் ஏழு வயது யாரிட்சா அவளிடம் ஒட்டவில்லை. அந்த ஏக்கம்தான் கடை கடையாக இழுத்தது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ராஜாக்கள் ஏறிவரும் ஒட்டகங்களுக்காகப் பிள்ளை கட்டிலடியில் வைத்த புல்லை எடுத்து, தின்றதுபோல் நாலு இணுக்கை இறைத்துவிட வேண்டும். மண்டியிட்டுப் பெட்டியை இழுத்தாள். காலி!

"அண்ணி... புல்லே வைக்கலையே!"

"நேத்து மடி நிறைய அறுத்துட்டு வந்தாளே!"

"கோழிக்குப் போட்டுட்டேன்." யாரிட்சா எழுந்து உட்கார்ந்திருந்தாள். திறந்த கதவு வழியே கூடத்தைப் பார்த்ததும் முகம் கோணியது. "புல் வைக்காமயே ஒட்டகம் வந்துடுச்சா! அப்ப... நீ எப்பம்மா போற?"

"நான் எங்கடி போறேன்?"

"ஒர்லாண்டோவுக்கு! 'அம்மா வரமாட்டா, அதுக்குப் பதிலா ராஜாக்கள நிறைய குடுக்கச் சொல்லியிருக்கா'ன்னு அத்தைதான் சொன்னாங்க. போன ரெண்டு பண்டிகைக்கும் அப்படித்தானே! நிறைய வந்தா நீ இருக்க மாட்ட... எனக்கு எதுவும் வேணாம். திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு!"

மிக்தாலியா பாய்ந்து மகளை அள்ளிக்கொண்டாள். "போகமாட்டேன்டி கண்ணு... கூரை போட்டாச்சு. இனி எதுக்குப் போகணும்?"

"சத்தியமா?"

"சத்தியமா!"

எனெய்தா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "அழுகைய நிறுத்தத்தான் அப்படிச் சொன்னேன்... அது இப்படி மனசுல தங்கும்னு நெனைக்கலையே! நீ வந்ததும் என்னைய மறந்துடுவாளோன்னு பயம் மிக்தாலியா. அதான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்."

"அவளுக்கு நீங்களும் வேணும் அண்ணி. எனக்குந்தான்."

எனெய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கூடத்துச் சாமான்களைப் பின்கட்டுக்கு நகர்த்தினாள். அவள் திரும்பி வந்தபோது, யாரிட்சா அழுத களைப்பில் தாய் மடியிலேயே தூங்கியிருந்தாள். ஒரு கை தாயின் சட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

"கால் மரத்திருக்குமே... கொஞ்சம் நீட்டிக்கோ."

"வேணாம் அண்ணி. முழிச்சுக்குவா."