தரைக்கு அடியில் பழைய சுவர்

கடப்பாறை மறுபடி இறங்கியது. போன மாதம்தான் ஒட்டிய டைல்ஸ் நடுவில் பிளந்து, ஒரு சில்லு தெறித்துத் தம்பியின் முழங்காலில் பட்டு ரத்தம் கோடாக இறங்கியது. அப்போதும் அவன் கண்ணைச் சிமிட்டவில்லை.

"டேய் வாலு! எந்திரிடா. அக்கா கெஞ்சறேன்ல?"

அவன் எழவில்லை. காலை நீட்டி, பின்னந்தலையைச் சுவரில் சாய்த்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். இந்த வீட்டில் ஓர் இடத்தில் அரை நிமிஷம் நின்றதில்லை அவன். வாலு என்று பேர் வைத்ததே அப்பாதான். வெயில் ஜன்னல் வழியாக அவன் மேல் விழுந்து, உதட்டில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசிவரை காட்டியது. பேய் பயம் என்றால் இருட்டு வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மத்தியான வெயிலில் தெருவில் ஸ்கூட்டர் போகிறது, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. அவள் கையிலோ வியர்வையில் கடப்பாறை வழுக்குகிறது.

அவள் உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினாள்.

எல்லாம் தரையை உயர்த்தப் போய் வந்தது. ரோடு போட்டுப் போட்டுத் தெரு மேலே ஏறிவிட்டது, வீடு பள்ளத்தில் நின்றது, மழை வந்தால் தண்ணீர் செருப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். பின்பக்க அறையைப் பெரிசாக்கி, அப்படியே தரையையும் தூக்கிவிடலாம் என்று அப்பா மேஸ்திரியைக் கூப்பிட்டார். அந்த அறையின் கடைசிச் சுவர் மட்டும் கேட்டிராத அளவு தடிமன். இடித்தபோதுதான் அது ஒரு சுவர் இல்லை, இரண்டு என்று தெரிந்தது. நடுவில் ஓர் இடுக்கு. கதவில்லை, ஜன்னலில்லை, காற்றுப் போக ஓட்டைகூட இல்லை. ஓர் ஆள் காலை மடக்கி உட்காரலாம். படுக்க முடியாது.

உள்ளே ஒன்றும் இல்லை. எலும்பு, துணி, பானை, எதுவும் இல்லை. உள்பக்கப் பூச்சில் ஒரு கறை மட்டும் இருந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில், தினமும் சாய்ந்து சாய்ந்து, தலை எண்ணெய் ஊறிப் பழுப்பாகப் படியுமே, அந்த மாதிரிக் கறை. உட்கார்ந்தால் தலை படுகிற உயரம். அவள் விரல் வைத்துப் பார்த்தாள். பிசுக்கு இன்னும் காயவில்லை.

மேஸ்திரிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சார், இந்த ரப்பீஸை, இடிச்ச கல்லு மண்ணையெல்லாம், வண்டியில ஏத்தி வெளிய தள்ளிடலாம். தரைக்கு மண்ணு வாங்கிப்போம்."

"எதுக்கு?" என்றார் அப்பா. ஒடிந்த குடையைக்கூடத் தூக்கிப்போடாத மனுஷர். "கல்லு மாதிரி இருக்கு. நம்ம வீட்டு இடிசல் நம்ம வீட்டுப் பள்ளத்துக்கு. அடிச்சு நிரப்புய்யா."

எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். உடைத்த செங்கல், பூச்சு எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே காங்கிரீட், அதற்கு மேலே டைல்ஸ். கறை படிந்த பூச்சும் அதோடு உள்ளே போனது. அந்த அறையை அவளுக்கும் தம்பிக்கும் கொடுத்தார்கள்.

முதலில் வாசனைதான் வந்தது. துவைக்காத தலையணை உறையில் முகத்தைப் புதைத்த மாதிரி, பழைய எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு மனுஷ வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகாது. அம்மா ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும், அப்புறம் தன் வீடு மாதிரித் திரும்பி வந்து உட்காரும். பிறகு புதுச் சுவரில், புது வெள்ளைப் பெயிண்டில், உள்ளங்கை அளவு ஒரு பழுப்பு. அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் அது ஒரு தலை அளவு ஆகியிருந்தது. அதற்கு மறுநாள் தம்பி அங்கே போய்ச் சாய்ந்து உட்கார்ந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் சந்து. அவள் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கேட்டாள். "ஏன்டா இங்கயே உக்காந்திருக்க?"

"அந்தப் பக்கம் அவங்க சாஞ்சிருக்காங்கக்கா. நான் எந்திரிச்சா அவங்க தலை தொங்கிடும்."

அம்மாவிடம் சொன்னாள். "அவன் வாலைச் சுருட்டி உக்காந்திருக்கறதே அதிசயம், நீ கிளப்பி விடாத" என்று அம்மா சிரித்தாள். அப்புறம் தம்பி சாப்பிடுவதற்கும் வரவில்லை. தட்டை அங்கேயே கேட்டான். அப்புறம் தட்டும் கேட்கவில்லை. டாக்டர் சத்து டானிக் எழுதினார். நேற்று அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தபோது தலை சுவரிலிருந்து வரவில்லை. ஒட்டவில்லை, யாரும் பிடிக்கவும் இல்லை. ரொம்பக் கனமாக இருந்தது. ஒரு பெரிய ஆளின் தலையைத் தூக்குகிற கனம்.

அதனால்தான் இன்று அம்மாவும் அப்பாவும் வேலைக்குக் கிளம்பியதும் பக்கத்து வீட்டில் கடப்பாறை வாங்கி வந்தாள். எதுக்கும்மா என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுக் குப்பையை வெளிய போடறதுக்கு" என்றாள்.

காங்கிரீட் பெயர்ந்ததும் வாசனை அறைந்தது. அவள் துப்பட்டாவை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தோண்டினாள். செங்கல் துண்டு, பூச்சுக் கட்டி, செங்கல் துண்டு. இரும்புச் சட்டியில் அள்ளி, இடுப்பில் வைத்து, வாசலுக்கு வெளியே கொட்டி, திரும்பி ஓடிவந்தாள். பூச்சுக் கட்டிகள் வெதுவெதுவென்றிருந்தன. கையில் எடுத்தால் பிசுக்கு.

"போ" என்று முனகினாள். "போ. எங்க வீடு இது. போ."

ஒவ்வொரு சட்டிக்கும் தம்பியின் கழுத்து கொஞ்சம் இளகியது. முதலில் இமை அசைந்தது. அப்புறம் விரல். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. அள்ளினாள். நகம் பிய்ந்தது. அள்ளினாள்.

அப்பா வேலையிலிருந்து திரும்பி வாசலில் வந்து நின்றபோது குவியல் அவர் இடுப்பு உயரம் இருந்தது.

"அடிப்பாவி! புதுத் தரைடி! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"இன்னும் கொஞ்சம்தாம்பா இருக்கு. திட்டறதுன்னா அள்ளிக்கிட்டே திட்டுங்க."

கையை ஓங்கிக்கொண்டு வந்தவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவன் தலைக்குப் பின்னால் சுவர் நனைந்து, பழுப்பாக, மெல்ல உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்குகிற மாதிரி. அப்பா ஓங்கிய கையை இறக்கி, சட்டையை மடித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்தார்.

கடைசிச் சட்டி வாசலைத் தாண்டியதும் தம்பியின் தலை முன்னால் சரிந்தது.

"அக்கா, பசிக்குது."

அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினார். அவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. ஜெயிச்சுட்டேன் என்று நினைத்தாள். நன்றாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பொழுது சாய மினி லாரி வந்தது. டிரைவரும் அப்பாவுமாகக் குவியலை ஏற்றினார்கள். அவள் படியில் உட்கார்ந்து கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணா கொட்டுவீங்க?" என்று சும்மாதான் கேட்டாள்.

"இதெல்லாம் கொட்டற சரக்கா பாப்பா? கேட்டுக்கிட்டே இருக்காங்க. மேட்டுத் தெருவுல ஒரு வீட்ல தரை ஒசத்தறாங்க. குழந்தை வரப்போவுதாம். தொட்டில் கட்டக் கொக்கிகூட மாட்டியாச்சு."

அவள் எழுந்தாள்.

"அங்க வேணாம்."

"அட, நல்ல சரக்கும்மா."

"அங்க வேணாம்ணா."

அப்பா அவள் தோளைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். "நம்ம பிள்ளை பொழைச்சான்ல? விடு. உள்ள போ."

"நம்ம பிள்ளைன்னா பொழைக்கணும், அவங்க பிள்ளைன்னா?"

அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் சக்கரத்தில் கால் வைத்து, பின்பக்கம் ஏறி, குவியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்குடி!"

"மாட்டேன். எங்க கொட்டறாங்கன்னு நான் பாக்கணும். யார் வீட்டுலயும் கொட்ட விடமாட்டேன்."

டிரைவர் சிரித்தார். அடுத்த தெருமுனையில் இறங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார். வண்டி கிளம்பியது. அப்பா கொஞ்ச தூரம் ஓடிவந்தார், அப்புறம் சின்னதாகிப் போனார்.

மேட்டுத் தெரு வந்தது. வயிறு தள்ளிய ஒரு பெண் வாசலில் நின்று கை காட்டினாள். வண்டி மேலிருந்த அவள் எக்கி, டிரைவர் கேபினின் கூரையைப் படபடவென்று தட்டினாள். "நிறுத்தாதீங்க! போங்க!" டிரைவர் திட்டிக்கொண்டே போனார். ஏரிக்கரையில் பையன்கள் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேண்டாம். காலி மனைகள். எல்லாவற்றிலும் எல்லைக் கல், நாளைக்கு வரப்போகிற வீடுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு. அங்கேயும் வேண்டாம். விளக்குக் கம்பங்கள் நின்றுபோயின. ரோட்டின் இரண்டு பக்கமும் மங்கல்.

அப்போது வாசனை வந்தது.

முதுகுக்குப் பின்னால் செங்கல் நகர்ந்தது. வண்டிக் குலுக்கல். அப்படித்தான் இருக்கும். பிறகு தோளுக்குத் தோள், முதுகுக்கு முதுகு, ஒரு சூடு. பிறகு அவள் பின்னந்தலையில் இன்னொரு பின்னந்தலை வந்து சாய்ந்தது.

மெதுவாக. முழுப் பாரத்தையும் போட்டு.

கூந்தலுக்குள் பிசுக்கு இறங்கியது. கழுத்தில் வழிந்தது. அது ஒரு பெருமூச்சு விட்டது. ரொம்ப நாள் கழித்து உட்கார இடம் கிடைத்தவர் விடுகிற மூச்சு.

அவள் திரும்பவில்லை. கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையால் திருப்பித் தள்ளினாள். அது அசையவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். கனம்.

"சாஞ்சுக்கோ" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "என் தம்பி மேல இல்ல. அந்தக் குழந்தை மேலயும் இல்ல. கேட்டுச்சா?"

பின்னால் அந்தத் தலை, சரி என்பது போல், அவள் தலையின் மேலேயே மேலும் கீழும் உராய்ந்தது.

வண்டி நின்றது. ஊர் முடிந்துவிட்டிருந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார், திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா? எங்கதான் கொட்டச் சொல்ற?"