திரும்பி வந்த டோக்கன்கள்

டோக்கன் பெட்டி நிறைந்திருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது.

பணம் கொடுத்த பிறகுதான் டோக்கன் பெட்டிக்குத் திரும்பும். அந்தச் சேமிப்பு வங்கியில் எண்பது வருட வழக்கம் அது. வங்கி திவாலான அன்று இருநூறு பித்தளை டோக்கன்களையும் வாரிக் கொடுத்தவர் காசாளரான அவர்தான். ஒருவருக்கும் பணம் கொடுக்கவில்லை, ஒரு டோக்கன்கூடத் திரும்பவில்லை.

ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்தில், தன் பழைய கம்பிக் கூண்டுக்குள் நின்றபடி, இப்போது எண்ணிப் பார்த்தார். இருநூறும் இருந்தன. வெகுநேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தன.

கட்டடத்தை வாங்கியவர் அதை ஓட்டலாக்கப் போகிறார். மேலிருக்கும் கோபுரத்தையும் கூண்டையும் அழகுக்காக விட்டுவைக்கிறாராம், சுவரில் மாட்ட வரலாறும் வேண்டுமாம். “நாலு வரி போதும் சார். நல்லதா மட்டும் எழுதுங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நல்லதுக்கு என்ன குறைச்சல்? கொத்தனார்களும் சலவைக்காரர்களும் வாரம் ஒரு காசு போட்டு எழுப்பிய கோபுரம். ஊரில் யார் வழி சொன்னாலும் அதைக் காட்டித்தான் சொல்வார்கள். பெட்டகம் காலியாகப் போகிறது என்று மேலாளர் ரகசியமாகச் சொன்னதும், அந்தக் கோபுரத்தின் கீழே உட்கார்ந்து தன் பணத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார் காசாளர். மறுநாள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கேட்டு அக்கா வந்தாள். “இதோ ஆச்சுக்கா, உக்காரு” என்று அவளுக்கும் ஒரு டோக்கனை நீட்டினார். கூடப்பிறந்தவளிடம்கூட வாய் திறக்கவில்லை. நான்கு நாள் வந்து காத்திருந்தாள். ஐந்தாம் நாள் வங்கி வாசற்படியிலேயே உயிரை விட்டாள். இதை எந்த வரியில் எழுதுவது?

கோபுரத்துக் கண்ணாடி வழியாக இறங்கிய மாலை வெளிச்சம் கூடத்துத் தரையில் மெல்ல மங்க மங்க, பழங்காகித நெடிக்கு அடியிலிருந்து வேறொரு வாடை கிளம்பிவந்தது. வேர்வை, தலை எண்ணெய், நனைந்த குடை. கூட்டத்தின் வாடை.

செருப்புகள் தரையில் தேய்ந்தன. யாரோ இருமினார்கள்.

கூண்டுக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. வெளியே யாரோ முதுகைச் சாய்த்து நிற்கிறார்கள். ஒருவர் அல்ல.

“என்கிட்ட ஒண்ணும் இல்லை” என்றார்.

பணம் தரும் துவாரத்தின் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. பெண் கை. விரிந்த உள்ளங்கையில் பித்தளைக் கறை பச்சை வட்டமாகப் படிந்திருந்தது.

“அவசரமில்லடா தம்பி.” அக்காவின் குரலில் கோபமே இல்லை. “நிதானமா எண்ணிக் குடு. நாங்க இருக்கோம்.”

அவள் கைக்கு மேல் இன்னொரு கை. அதற்கு மேல் இன்னொன்று. எல்லாக் கம்பிகளுக்கு நடுவிலும் கைகள். தள்ளவில்லை, முண்டவில்லை. வரிசை கலையாமல், ஒவ்வொரு விரலாக, அவர் மார்பை நோக்கி நீண்டுகொண்டே இருந்தன.