தாழ்வெளியில் என்ன குறை?

வடமுனையில் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை, அன்றைக்கு உடம்பில் எந்தப் பாகத்துக்குச் சூடு வேண்டும் என்று சொல்வதுதான். வெப்பாடை கேட்கும், கை என்றால் கை, கால் என்றால் கால். முழு உடம்புக்கும் சூடு வாங்குகிற வசதி மேலடுக்குக்காரர்களுக்கு மட்டும் உண்டு. மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். 'இன்னிக்கு உங்களுக்கு எது?' 'எனக்கு முதுகு, உங்களுக்கு?' என்று வழியில் பார்ப்பவரை விசாரிப்பது அங்கே ஒரு மரியாதை. செவ்வாயின் வட துருவத்துப் பனிக்கட்டியைத் தோண்டப் போன தமிழர்கள், தோண்டிய குழியிலேயே நாடு கட்டி உட்கார்ந்தால் வேறென்ன விசாரிப்பார்கள்?

பூரணி எப்போதும் கை கேட்பாள். கூரை மூடிகளைத் தடவிப் பார்த்துக் காற்று கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்கும் பொறியாளர் அவள். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அவளுடைய அம்மா அஞ்சலை பாசித் தொட்டிகளை நின்றபடியே கழுவுகிறவள், அதனால் எப்போதும் கால் கேட்பாள். கால் கேட்டுக் கேட்டு, வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மூன்றாவது கறுத்துக்கொண்டிருந்தது. "வெயில் நாட்டுக்குக் கூட்டிப் போங்க. இல்லன்னா அடுத்தது கைதான்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வெயில் நாடு என்று இருந்தது ஒன்றே ஒன்று: தெற்கே ஆழமான பள்ளத்தில் தாழ்வெளி. நிலத்தடிச் சூட்டைக் குழாய் போட்டு மேலே இழுத்து வைத்திருந்தார்கள். அங்கே வெப்பாடையே தேவையில்லையாம். வாடகை வடமுனையில் பாதி.

பாதி என்றதுமே பூரணிக்கு மூக்கு வியர்த்தது. நல்ல இடத்தை எவன் மலிவாகக் கொடுக்கிறான்? போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களைத் தேடித் தேடிக் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பங்கஜவல்லிக்கு இரண்டு காது மடலும் குளிரில் உதிர்ந்திருந்தன. "அந்த வெளிச்சம் நமக்கு ஒத்துக்காதும்மா" என்றாள் அவள். இன்னொருவர் காற்று ஒரு மாதிரி என்றார். வேறொருவர் தண்ணீரில் வாடை என்றார். ஆளுக்கொரு குறை; ஒரே குறையை இரண்டு பேர் சொல்லவில்லை. கசிவு வேலையில் இதற்கு ஒரே அர்த்தம்தான். உண்மையான ஓட்டையை யாரும் காட்டவில்லை.

"கழிவ அங்கதான் பொதைக்கறானுங்களோ என்னவோ" என்று அம்மாவிடம் பொருமினாள்.

"போய்ப் பாத்துட்டு வாயேன். சும்மா எதுக்கு அடிச்சிக்கிற?" என்றாள் அஞ்சலை. "எனக்கு எங்கன்னாலும் சரி."

பார்வையாளர் விசாவில் பூரணி கிளம்பினாள். ஒரு பை நிறைய மானிகள்: காற்றுக்கு, தண்ணீருக்கு, கதிர்வீச்சுக்கு, சுவரின் கனத்துக்கு.

நிலையத்தில் ஓர் இயந்திரம் காத்திருந்தது. இடுப்பு உயரம், தேன் நிறம், குடிபெயர் ஆலோசகன் என்று பெயர். தமிழைப் புத்தகத்தில் படித்த தமிழாகப் பேசியது.

"வணக்கம் அம்மையீர். தாழ்வெளி காலனிக்கு நல்வரவு."

அந்தக் 'காலனி' பூரணிக்குப் புதிது. வடமுனையில் எல்லாரும் தாழ்வெளி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பாடப் புத்தகத்திலும் 'குடியேற்றம்' என்றுதான் இருந்தது. ஏதோ வெளிநாட்டுச் சொல் என்று விட்டுவிட்டு மானியை எடுத்தாள்.

காற்று சுத்தம். தண்ணீர் வடமுனைத் தண்ணீரைவிடச் சுத்தம். கதிர்வீச்சு மானியின் முள் அசையவே இல்லை. கைகளில் உறையில்லாமல், கழுத்து திறந்து, மனிதர்கள் தெருவில் நடந்துபோனார்கள். பத்து விரலும் உள்ள ஒரு கிழவர் சந்தையில் கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூரணிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. குறையே இல்லாத இடத்தை அவள் தன் வேலையில் பார்த்ததே இல்லை. குறையை மறைத்த இடங்களைத்தான் பார்த்திருக்கிறாள்.

"என்னத்த ஒளிக்கிற? ஏன் இவ்ளோ மலிவு?" என்று இயந்திரத்தைப் பிடித்தாள்.

"எங்களுக்கும் அதே ஐயம்தான்" என்றது அது. "வடமுனையிலிருந்து வருகிறவர்கள் நிலைய வாசலைத் தாண்டியதும் ஏதாவது குறை சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். வெளிச்சம் என்றார்கள், விளக்குகளை மாற்றினோம். ஈரப்பதம் என்றார்கள், குறைத்தோம். வாடை என்றார்கள், தண்ணீரை மூன்று முறை வடிகட்டினோம். ஒவ்வொரு முறையும் வாடகையையும் குறைத்தோம். எங்கள் கருவிகளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிகிறது. அதை எந்த உறுப்பால் உணர்கிறீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்."

கிண்டல் செய்கிறதோ என்று பூரணி அதை முறைத்துப் பார்த்தாள். கிண்டல் இல்லை. ஒரு வீட்டுச் சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

"என்னாம்மா, சுவரு என்ன சொல்லுது?"

தெருக்குழாயில் ஆவி பறக்கும் வெந்நீரில் கால் கழுவிக்கொண்டிருந்த பெண் கேட்டாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தவமணி என்று பெயர் சொன்னாள்.

"ஒண்ணும் சொல்லலக்கா. அதான் பயமா இருக்கு."

"வடமுனையா? போர்டப் பாத்துட்டுமா உள்ள வந்த?"

"எந்த போர்டு?"

தவமணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை என்று தெரிந்ததும் ஈரக்கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட கூறுகெட்ட பொண்ணே, நீ செவ்வாய்லயே பொறந்தவளா? பூமியில எங்க பக்கம் எந்த ஊரானாலும் ரெண்டா இருக்கும். ஒண்ணு ஊரு. இன்னொண்ணு காலனி. எங்கள மாதிரி ஆளுங்கள ஒதுக்கி வெச்ச எடத்துக்குப் பேரு அது. எங்க தெருத் தண்ணிய ஊர்க்காரன் குடிக்க மாட்டான். இந்த மிஷினுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியுமா? உலகம் பூரா புழங்கற வார்த்தைதானேன்னு தமிழ்லயும் எழுதி வாசல்ல மாட்டிடுச்சி."

"அதுக்காகவா?"

"வேற எதுக்கு? விலாசத்துல அந்த வார்த்தைய எழுதறதுக்குக் காது உதிர்ந்தாலும் தேவலன்னு ஓடறாளுங்க. நான் அந்த போர்டப் பாத்துட்டுத்தான் வந்தேன், நம்ம சனம் இருக்கும்னு. வந்து பாத்தா ஒருத்தரு இல்ல! வங்காளி, கென்யாக்காரங்க, பெரு தேசத்துக்காரங்க. காலனின்னா என்னான்னு அவங்களக் கேட்டா, நாம இருக்கற எடம்னு சொல்றாங்க."

பூரணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கதிர்வீச்சு இல்லை, கசிவு இல்லை, விஷம் இல்லை. ஒரு சொல். ஒரு நாடே அதற்குப் பயந்து பனிக்குழிக்குள் உட்கார்ந்து, கையா காலா என்று சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது! சிரிப்பு அடங்குவதற்குள் கோபம் வந்தது. மணிக்கட்டுத் திரையில் அம்மாவை அழைத்தாள். அம்மாவும் சிரிப்பாள் என்று நினைத்தாள்.

"காத்து எப்பிடிடி இருக்கு?" என்றாள் அஞ்சலை.

"அருமையான காத்துமா. தெருக்குழாய்லயே வெந்நீர் வருது."

"அப்புறம் ஏன் மலிவாம்?"

"கேட்டா சிரிப்ப. வாசல் போர்டுல பேரு காலனின்னு இருக்காம்! அதுக்காக ஒரு பய வரலியாம்."

அஞ்சலை சிரிக்கவில்லை. தலையைத் திருப்பிப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசு."

"ஏன்?"

"மெதுவாப் பேசுன்றேன்ல. பங்கஜவல்லிக்குக் கேக்கும். மெலிசு சுவரு."

பூரணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கூரையெல்லாம் தடவிக் கசிவு தேடியவள், கூடவே இருந்த ஆளைத் தடவிப் பார்க்கவில்லை. சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் அம்மா ஒரு பதிலைச் சொல்லி, அடுத்த கேள்வி வருவதற்குள் அவளை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். வெட்கம் என்று நினைத்திருந்தாள்.

"நாமளாம்மா?"

"அங்கேர்ந்துதான்டி கெளம்பினேன்." குரல் காற்றாகத்தான் வந்தது. "கெரகத்த விட்டுக் கெரகம் தாண்டி வந்தேன். நீ படிச்சே, வேலைக்குப் போறே, ஒருத்தரு ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப மறுபடி அங்கயே போயி உக்காரச் சொல்றியா? நான் வரல."

"வெரல் போவுதும்மா!"

"வெரலு போனா கையுறைக்குள்ள மறைச்சிக்கலாம். விலாசத்த எதுக்குள்ளடி மறைக்கிறது?"

தவமணி குழாயை மூடிவிட்டு, காது கேட்காதவள் போலத் திரும்பி நின்றாள். அப்போது இயந்திரம் பணிவாக முன்னே வந்தது.

"மன்னிக்கவும். கேட்டுவிட்டேன். குறை பெயரில்தான் என்றால் திருத்துவது எளிது. இன்றைக்கே 'தாழ்வெளி நகர்' என்று மாற்றிவிடலாம். வடமுனையிலிருந்து பெருங்கூட்டம் வரும். வாடகையும் வடமுனையைத் தாண்டி உயரும். தங்கள் அண்டை வீட்டார் பங்கஜவல்லி அம்மையார் மூன்று முறை வந்து திரும்பியவர். அவரே முதலில் வருவார் என்று கணிக்கிறேன். மாற்றட்டுமா?"

மாற்று என்று சொல்லத்தான் பூரணி வாயைத் திறந்தாள். அம்மா வந்துவிடுவாள். ஆனால் கூடவே எல்லாரும் வந்துவிடுவார்கள், சொந்த ஊர் எது என்கிற கேள்வியையும் மூட்டை கட்டிக்கொண்டு. இந்தத் தெருவுக்கும் மேலடுக்கு, கீழடுக்கு வரும். வெந்நீர் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று சங்கம் வைப்பார்கள். வாடகை கட்ட முடியாமல் அவளும் அம்மாவும் மறுபடி குளிருக்கே போவார்கள். பொறு என்று இயந்திரத்துக்குக் கை காட்டினாள்.

"அது என்னாடி சொல்லுது?" என்றாள் அஞ்சலை.

பூரணி சொன்னாள். சுவரின் நினைப்பு வந்து, அவளும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"மாத்தலன்னா?"

"யாரும் வர மாட்டாங்க."

"பங்கஜவல்லி?"

"வர மாட்டா."

"மேலடுக்குக்காரங்க? அந்தத் தொட்டி மேஸ்திரி?"

"செத்தாலும் வர மாட்டாங்கம்மா. அந்தப் பேரு இருக்கற வரைக்கும் ஒருத்தனும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான்."

அஞ்சலை வலக்கையின் உறையைக் கழற்றினாள். கறுத்த விரலை வாயருகே கொண்டுபோய் நிதானமாக ஊதினாள். பிறகு, சுவரைத் திரும்பிப் பார்க்காமல், தொட்டிக் கொட்டகையில் ஆட்களைக் கூப்பிடுகிற குரலில் கேட்டாள்.

"அந்த போர்டுல எழுத்து எம்மாம் பெரிசு?"

"சின்னதாத்தான் இருக்கும்மா. நானே கவனிக்கல."

"பெரிசா எழுதச் சொல்லுடி. இங்கேர்ந்து பாத்தாலே தெரியணும்."