இருபதாம் நம்பரில் யார்?

குளிர் அறையின் கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது வெள்ளைப் புகை.

அதன் பின்னாலேயே ஒரு மனிதர் சரிந்து விழுந்தார்.

உயிர் இல்லை.

அவர் அந்த மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. எந்தப் பெட்டியையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். அதனாலேயே 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே போனவரைப் பன்னிரண்டரை மணிக்குத்தான் தேடினார்கள். மைனஸ் இருபத்தைந்து டிகிரி... உடம்பில் மெல்லிய பருத்திக் கோட்டு.

கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று தரையில் கிடந்தது. பக்கத்துச் சுவரில் சிவப்பு நிற அவசர பட்டன். அதை அடித்து அடித்து அவருடைய விரல் முட்டிகள் பெயர்ந்திருந்தன.

அந்த பட்டனை அழுத்தினால் செக்யூரிட்டி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் அலற வேண்டும்.

அலறவில்லை.

ஒரு மணிக்கு அவளுடைய போன் அடித்தது.

அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து நடத்துவது சின்னதாக ஒரு நெட்வொர்க் சர்வீஸ். முந்தின நாள் மாலைதான் அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்குக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வாலில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்திருந்தாள். அதுவரை அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் நம்பரை, அதாவது ஐ.பி. முகவரியை, யாரோ கையால் போட்டு வைத்திருந்தார்கள். இனிமேல் கேட்கிற கருவிக்கு ஃபயர்வாலே முகவரியைக் கொடுத்துவிடும்.

போனில் பேசியவர் கம்பெனி மேனேஜர். உடனே வரச் சொன்னார்.

போனாள். செக்யூரிட்டி அறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மேனேஜர், இன்ஸ்பெக்டர், செக்யூரிட்டி சீஃப்.

சீஃப்பின் கண்கள் சிவந்திருந்தன. பூதக்கண்ணாடியும் அவரும் பத்து வருட சிநேகிதர்களாம். அலாரம் கம்ப்யூட்டரின் திரையை இன்ஸ்பெக்டருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இதன் முகவரி எப்போதும் இருபதாம் நம்பர், பட்டன் செய்தி அனுப்புவதும் அந்த நம்பருக்குத்தான், இன்று பார்த்தால் நூற்று முப்பத்தொன்று, இந்தம்மா வைத்த ஃபயர்வால் நம்பரை மாற்றிவிட்டது, அதனால்தான் பட்டனின் செய்தி இங்கே வந்து சேரவில்லை... என்று குரல் உடைய உடையச் சொன்னார்.

மேனேஜர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"உங்க கவனக்குறைவால நடந்த விபத்துன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடுங்க. கேஸ் பெருசாகாம நாங்க பார்த்துக்கறோம்."

படித்தாள். திருப்பித் தள்ளினாள்.

"போட மாட்டேன்."

மேனேஜரின் முகம் மாறியது. அவள் அண்ணனுக்கே போன் போட்டுக் கொடுத்தார். அண்ணன் பயந்து போயிருந்தான். பெரிய இடம், நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள், போட்டுத் தொலைத்துவிட்டு வந்துவிடு என்று கெஞ்சினான்.

"அண்ணா, ஒருத்தர் செத்துப் போயிருக்காரு. அதுக்கு நான் காரணம்னு எழுதித் தரச் சொல்றாங்க. நான் காரணம் இல்ல. போனை வை."

வைத்துவிட்டாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"சார்," என்றாள் இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "பத்து நிமிஷம் கொடுங்க. அப்பறம் எங்க வேணா வர்றேன்."

"இந்தம்மாவுக்குப் பத்து நிமிஷம் எதுக்கு சார்? இருக்கற தடயத்தை அழிச்சிடுவாங்க," என்றார் மேனேஜர்.

"நீங்க ஏன் இவ்வளவு அவசரப்படறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நீங்க ஆரம்பிங்கம்மா. எனக்குப் புரியற மாதிரி."

ஃபயர்வாலைத் திறந்தாள்.

"இது நேத்து நான் எழுதின விதி. தானா கொடுக்கற முகவரியெல்லாம் நூறுலேர்ந்து இருநூறு வரைக்கும்தான். அலாரம், கேமரா மாதிரி முக்கியமான கருவியெல்லாம் ஐம்பதுக்குக் கீழ. அந்தப் பக்கம் ஃபயர்வால் கையே வைக்காது."

"அப்போ இருபதாம் நம்பர் எப்படி மாறிச்சு?"

"ஃபயர்வால் யாரையும் தேடிப்போய் நம்பரை மாத்தாது சார். கேட்டாதான் கொடுக்கும். கையால முகவரி போட்ட கம்ப்யூட்டர் கேட்கவே கேட்காது. முகவரி கேட்டு வாங்கின கருவிகளோட நேத்து சாயங்காலப் பட்டியல்ல இந்த அலாரம் கம்ப்யூட்டர் இல்ல, பாருங்க. இன்னிக்குக் காலையில ஒன்பது அம்பத்திரண்டுக்குத்தான் முதல் தடவையா வந்து முகவரி கேட்டிருக்கு."

இன்ஸ்பெக்டர் திரைக்கு அருகே குனிந்தார்.

"அதாவது..."

"பூதக்கண்ணாடி சார் உள்ள போறதுக்கு எட்டு நிமிஷம் முன்னாடி, யாரோ இந்த நாற்காலியில உட்கார்ந்து இதோட செட்டிங்கை மாத்தியிருக்காங்க."



மேனேஜருக்கு வியர்த்தது. இந்த அறையின் சாவி தன்னிடமும் ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் தான் இன்று இந்தப் பக்கமே வரவில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். சீஃப் அவரை வெறுப்போடு பார்த்தார். போன வாரம் பூதக்கண்ணாடிக்கும் மேனேஜருக்கும் பெரிய வாக்குவாதம் என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். ஸ்டோரில் பெட்டி பெட்டியாக நல்ல மருந்து காணாமல் போகிறது, உள்ளே காலாவதியான சரக்கு இருக்கிறது என்று அவர் கத்தினாராம்.

இன்ஸ்பெக்டர் எழுந்து மேனேஜருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றார்.

அவள் தலை நிமிரவில்லை. அவளுடைய விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டிருந்தன.

"சார்... ஒரு விஷயம் இடிக்குது."

"என்ன?"

"அலாரம் கம்ப்யூட்டர் இப்போ நூத்தி முப்பத்தொண்ணுல இருக்கு. அப்போ இருபதாம் நம்பர் காலியா இருக்கணும்."

"ஆமா."

"லேப்டாப்புலேர்ந்து அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வருது."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"இன்னொரு கருவி அந்த முகவரியில உட்கார்ந்திருக்கு சார். பட்டனோட செய்தி ஃபயர்வால் வழியாதான் போயாகணும். போனதெல்லாம் பதிவாகியிருக்கு. பத்து ஏழுலேர்ந்து பத்து நாற்பது வரைக்கும் பதினொரு தடவை அழுத்தியிருக்காரு. பதினொண்ணும் போய்ச் சேர்ந்திருக்கு. யாரோ அதைப் பார்த்துக்கிட்டே சும்மா இருந்திருக்காங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் கருவி இன்னும் உயிரோட இருக்கு. யாரையாவது அனுப்பி அந்த பட்டனை அழுத்தச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் போனில் கான்ஸ்டபிளுக்கு உத்தரவு போட்டார்.

எல்லோரும் மேனேஜரையே பார்த்தார்கள். மேனேஜர் கண்களை மூடிக்கொண்டார்.

ஐந்து விநாடி... பத்து விநாடி...

அலாரம் கம்ப்யூட்டர் ஊமையாகவே இருந்தது.

அப்போது கேட்டது. வீறிட்டு ஒரு சைரன்.

அந்த அறைக்குள்ளேயே!

சத்தம் மேனேஜரிடமிருந்து வரவில்லை. சுவரோரம் இருந்த இரும்பு லாக்கரிலிருந்து வந்தது. கதவில் 'செக்யூரிட்டி சீஃப்' என்று ஒட்டியிருந்தது.

சீஃப் வாசலை நோக்கிப் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் காலை நீட்டினார். சீஃப் தடாலென்று விழுந்தார்.

லாக்கருக்குள் அலாரத்துக்கென்று வைத்திருந்த உபரி லேப்டாப், வைஃபையில் இணைந்து ஓடிக்கொண்டே, திறந்தபடியே கிடந்தது. பக்கத்தில் ஒரு ஹெட்போன். போலீஸ் வந்த அவசரத்தில் ஹெட்போன் வயரைப் பிடுங்கி, மூடக்கூட நேரமில்லாமல் உள்ளே திணித்திருக்கிறார். பதினொரு சைரனையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, வெளியே யாருக்கும் கேட்காமல் உட்கார்ந்திருந்த மனிதர்!

மருந்தைக் கடத்தி விற்றது அவர்தான். மருந்து திருட்டுப் போவதைப் பூதக்கண்ணாடி கண்டுபிடித்துவிட்டு, திருடியது யாரென்று தெரியாமல், பத்து வருட சிநேகிதன் என்று நம்பி அவரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். கைப்பிடியின் திருகாணியைக் கழற்றிய ஸ்க்ரூ டிரைவரும் லாக்கரிலேயே கிடைத்தது. பழியைப் போடத் தோதாக முந்தின நாள்தான் ஒருத்தி வந்து ஃபயர்வாலை மாற்றிவிட்டுப் போயிருந்தாள்.

மேனேஜர் காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். ஏதோ தவறாக நினைத்துவிட்டதாக முணுமுணுத்தார்.

விலங்கு மாட்டி அழைத்துப் போகும்போது சீஃப் அவளை முறைத்தார்.

"நேத்து நீ மட்டும் வராம இருந்திருந்தா... எந்தப் பட்டியலும் இருந்திருக்காது. அந்த முகவரியை நான் சத்தமில்லாம மாத்திட்டுப் போயிருப்பேன்."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"கவலைப்படாதீங்க சார். இனிமே நீங்க போற இடத்துல முகவரி நிரந்தரம்!"